வரையாடு யாருக்கு உறவு?



பரிணாமக் கொள்கையைப் பொய் என்று காட்ட முடியுமா? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். “பரீட்சைக்கு எழுது, மனதில் வைக்காதே” என்று சொல்லும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அந்தப் பதில் பிள்ளையை இரண்டாகப் பிளந்துவிடும்.

முடியும் என்பதே நேர்மையான பதில். மீன்கூடத் தோன்றாத காலத்துப் பாறையில் ஒரு முயலின் எலும்பு கிடைத்தால் போதும், கொள்கை ஆட்டம் காணும். இதுவரை கிடைக்கவில்லை.

நம் முக்கூர்த்தி மலையில் மேயும் வரையாட்டைப் பாருங்கள். இமயமலையிலும் ஒரு வரையாடு உண்டு. தோற்றம் ஒத்திருப்பதால் அறிஞர்கள் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது அந்த உறவு பொய்த்தது. இமயமலை வரையாடு வெள்ளாட்டுக்கு நெருக்கம். நம்முடையதோ செம்மறிக்கு நெருக்கம். (பொதுவாக ‘ஆடு’ என்று சொல்லிவைத்த நம் முன்னோர் தப்பித்தார்கள்!) ‘நீலகிரிட்ராகஸ்’ என்று நம் மலையின் பெயரிலேயே தனிப் பேரினம் பிறந்தது. இங்கே விழுந்தது ஓர் உறவுமுறை, கொள்கை அல்ல. எல்லா உயிருக்கும் பொது மூதாதை உண்டு என்று கொண்டதால்தான் அந்த உறவையே சோதிக்க முடிந்தது.

திருச்சபை இதற்கு அஞ்சவில்லை. 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், மனித உடலின் தோற்றத்தை அறிஞர்கள் ஆராய்வதைத் தடுக்கவில்லை. ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் உறுதியாக நின்றார். 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருப்பீட அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேலானது என்று ஏற்றுக்கொண்டார்.