ஸ்டனிஸ்லாவ்ஸ்கியின் தொடக்ககாலக் குறிப்பேடுகளும் நவீன நடிப்புமுறையின் தோற்றமும்

முன்னுரை

நவீன நடிப்புமுறையின் தொடக்கத்தை 1906ஆம் ஆண்டில் வைத்துப் பேசுவது அரங்க வரலாற்றில் வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டுக் கோடையில் ஃபின்லாந்தில் தங்கியிருந்த ருஷ்ய இயக்குநர் கான்ஸ்டன்டீன் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி (1863–1938), தமது நடிப்பு உயிரற்ற பழக்கமாகிவிட்டதை உணர்ந்தார். அந்நெருக்கடியிலிருந்தே அவரது 'முறைமை' பிறந்தது என்பர். இக்கருத்தின் முதன்மை ஆதாரம், 1924இல் வெளிவந்த 'கலையில் என் வாழ்வு' என்னும் அவரது தன்வரலாறு. அது அறுபது வயதை எட்டிய ஒருவரின் நினைவுகூரல். நிகழ்வுகள் நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட சான்று வேறுண்டு. 1877 முதல் 1892 வரையிலான அவரது குறிப்பேடுகளே அவை. இவ்விரு சான்றுகளையும் ஒப்புநோக்கி, 1906இன் இடத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

குறிப்பேடுகளின் இயல்பு

1877 செப்டம்பரில், மாஸ்கோவை அடுத்த லியுபிமோவ்காவில் அலெக்சேயெவ் குடும்பத்தின் சிற்றரங்கு நாடகத்துடன் தொடங்கியது. அன்று மேடையேறிய அக்குடும்பத்துப் பதினான்கு வயதுச் சிறுவனே பின்னாளில் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி எனப் பெயர் பூண்டார். குறிப்பேடுகளும் அந்நிகழ்விலிருந்தே தொடங்குகின்றன. ஏற்ற பாத்திரம், பார்த்தோர் கருத்து, தாம் கண்ட குறை ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. அந்த முதல் நாளில் உள்ளம் கொதித்திருந்தும் சொற்கள் பார்வையாளரைச் சென்றடையவில்லை என்று தன்வரலாறு கூறுகிறது. நடிகர் உணர்வதும் பார்வையாளர் பெறுவதும் ஒன்றல்ல என்னும் இச்சிக்கலே, குறிப்பேடுகள் தொடர்ந்து எழுதப்படுவதற்கான தேவையாயிற்று.

விடையற்ற தேடல்

எனினும் முறைமையின் கருக்கள் அனைத்தையும் இளமைக்கால ஏடுகளில் தேடுவது பிழையாகும். அக்கால ஸ்டனிஸ்லாவ்ஸ்கி புகழ்பெற்ற நடிகர்களை அப்படியே பின்பற்றினார். கண்ணாடி முன் நின்று பயின்றார். 1888இல் புஷ்கினின் நாடகமொன்றில் கருமியான வீரனாக நடிக்க ஆயத்தமானபோது, அப்பாத்திரத்தின் தனிமையை உணரவேண்டிப் பழைய கோட்டையொன்றின் நிலவறையில் தம்மை அடைக்கச் செய்தார். சளி பிடித்ததே கண்ட பலன் என்று பின்னர் எழுதினார். சூழலைப் புறத்தே உருவாக்கினால் உணர்வு தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. ஆகவே இக்காலகட்டத்தில் உருப்பெற்றது கோட்பாடு அன்று. தன்னைத் தானே சோதித்து, தோல்வியையும் மறைக்காது பதியும் ஒழுக்கமே.

1906ஐ இவ்வொழுக்கத்தின் தொடர்ச்சியாகவே கொள்ள வேண்டும். 1900 முதல் ஏற்றுவந்த டாக்டர் ஸ்டாக்மன் பாத்திரத்தின் புற அசைவுகள் எஞ்சியிருக்க, அவற்றைத் தோற்றுவித்த உயிருள்ள நினைவுகள் மறைந்துவிட்டதை அவர் கண்டறிந்தார். அவ்வேறுபாட்டைக் கண்டறியும் பார்வை ஒரே கோடையில் வாய்த்ததன்று. முன்பு குரலிலும் கைகளிலும் தேடிய குறையை, அப்போது நினைவில் தேடினார். மாறியது கேள்வியின் இடம். கேட்கும் முறை பழையதே.

முடிவுரை

நடிப்புப் பயிற்சி குறித்த அவரது முதன்மை நூலின் வடிவம் இதற்கு வலுவூட்டுகிறது. ஆங்கிலத்தில் 1936இலும் ருஷ்ய மொழியில் 1938இலும் வெளிவந்த அந்நூல், இலக்கண நூல் போல விதிகளை அடுக்கவில்லை. கோஸ்தியா என்னும் கற்பனை மாணவனின் நாட்குறிப்பாக அமைகிறது. கோஸ்தியா என்பது கான்ஸ்டன்டீன் என்ற பெயரின் சுருக்கமே. குறிப்பேட்டில் தொடங்கிய தேடல் குறிப்பேடாகவே வடிவம் பெற்றது. எனவே முறைமையை முடிந்த கோட்பாடாகக் கொண்டு 1906இல் தொடங்கும் வரலாறு, அதன் அடிப்படையான தற்சோதனையைத் தவறவிடுகிறது. கலைஞர்கள் தம் வாழ்வில் சுட்டும் திருப்புமுனைகளை, அவர்களது சமகாலக் குறிப்புகளோடு ஒப்பிட்ட பின்னரே வரலாறாக ஏற்கவேண்டும்.