மௌக்ளிக்குப் பழுப்புச் சாயம்

ஹனீஃப் குரேஷியோட 'த புத்தா ஆஃப் சபர்பியா' (1990) நாவல்ல என்னை விடாம துரத்துறது ஒரு காட்சிதான். கரீமுக்கு அப்பா பம்பாய்க்காரர், அம்மா ஆங்கிலேயர். 1970களில் தெற்கு லண்டன் புறநகரில் வளர்ந்தவன். நாடகத்தில் மௌக்ளி வேஷம் கிடைக்கிறது. ஆனால் இயக்குநர் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசச் சொல்கிறார். இந்தியாவையே பார்க்காத பையன் 'இந்திய' உச்சரிப்பில் வேற பேசணுமாம்!

அந்தக் காலத்தையும் பார்க்கணும். 1968 ஏப்ரலில் ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியபோது, புரோம்லியில் வளர்ந்த குரேஷிக்கு 13 வயசு. (அவர் அப்பா மதராஸ் குடும்பம்ங்கிறது எனக்கே புதுசு.) நாவலிலும் கரீம் தேடிப்போன பெண்ணின் அப்பா, பவல் பெயரைச் சொல்லியே அவனை வாசலோடு விரட்டுகிறார்.

என் அக்கா பையனுக்கும் அப்பா ஆங்கிலேயர். "நம்ம ஊர் ஆள் மாதிரி பேசிக்காட்டுடா"ன்னு நானும் கேட்டிருக்கேன். எல்லாரும் சிரிச்சோம், அவனைத் தவிர.