வரலாற்று வானியல் விளக்கப்படங்களின் கணினிவழி ஆய்வு

வரலாற்று வானியல் விளக்கப்படங்களின் கணினிவழி ஆய்வு என்பது, பழைய கையெழுத்துப்படிகளிலும் அச்சு நூல்களிலும் உள்ள வானியல் விளக்கப்படங்களைச் செயற்கை நுண்ணறிவு முறைகளின் துணையுடன் கண்டறிந்து, கூறுகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் துறையாகும். அறிவியல் வரலாறு, சுவடியியல், கணினிப் பார்வை ஆகிய மூன்று துறைகள் இதில் இணைகின்றன. பாரிசு வானாய்வகமும், பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் அறிவியல் வரலாற்று நிறுவனமும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணிகளைச் செய்துள்ளன. ஒரு வானியல் கருத்து ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் சென்றதா, அல்லது இரு இடங்களில் தனித்தனியே தோன்றியதா என்னும் வினாவுக்குச் சில வேளைகளில் எஞ்சியிருக்கும் சான்று படம் ஒன்றே ஆகும். அத்தகைய சான்றுகளைப் பெருமளவில் திரட்டி ஒப்பிடுவது இவ்வாய்வின் முதன்மை நோக்கமாகும்.

பின்னணி

பண்டைய கிரேக்க மரபிலும் அதன் வழிவந்த மரபுகளிலும் விண்பொருள்களின் இயக்கம் வட்டங்களைக் கொண்டு விளக்கப்பட்டது. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலெமி, தமது அல்மகெஸ்ட் என்னும் நூலில், புவியை விட்டு மையம் விலகிய வட்டங்களையும் பெருவட்டத்தின் மீது நகரும் சிறுவட்டங்களையும் கொண்டு கோள்களின் இயக்கத்தைக் கணித்தார். இந்நூல் அரபு, இலத்தீன் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது.

இவ்வகை நூல்களில் படம் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. நிறுவல் முழுவதும் படத்திலுள்ள புள்ளிகளின் பெயர்களைக் கொண்டே நடைபெறும். எந்த எழுத்து எந்தப் புள்ளியைக் குறிக்கிறது என்பது பல இடங்களில் உரையில் சொல்லப்படுவதில்லை. படத்தைப் பார்த்தே அறிய வேண்டும். ரெவியல் நெட்ஸ் 1999 இல் வெளியிட்ட கிரேக்கக் கணிதம் பற்றிய நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார்.

பதிப்புகளில் படங்களின் நிலை

சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் சொற்களில் காணப்படும் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவது நெடுநாள் வழக்கமாகும். படங்களுக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹைபெர்க் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூக்ளிடின் நூலையும், 1898 முதல் 1903 வரையான காலத்தில் அல்மகெஸ்டின் கிரேக்க மூலத்தையும் பதிப்பித்தார். இன்றளவும் அறிஞர்கள் பயன்படுத்தும் பதிப்புகள் இவை. எனினும் இக்காலப் பதிப்புகளில் உள்ள படங்கள், கணித முறைப்படி திருத்தமாக வரையப்பட்டவையே அன்றிச் சுவடிகளில் உள்ளவற்றின் படிகள் அல்ல.

சப்பானிய அறிஞர் கென் சைட்டோ, யூக்ளிடின் சுவடிகளில் உள்ள படங்களை நேரடியாக ஆராய்ந்தார். பொதுவான முக்கோணம் பற்றிய தேற்றத்துக்கு இருசமபக்க முக்கோணமும், இணைகரம் பற்றிய தேற்றத்துக்குச் செவ்வகமும் வரையப்பட்டிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிற்காலப் பதிப்பாளர் பிழையெனக் கருதி மாற்றியவை, உண்மையில் ஒரு நீண்ட வரைதல் மரபின் அடையாளங்கள் என்பது இதனால் தெளிவாயிற்று.

சுவடியியலில் பொதுப்பிழை ஒரு முக்கியச் சான்றாகும். இரு சுவடிகள் ஒரே தவற்றைக் கொண்டிருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் எனக் கொள்ளப்படும். இவ்விதி படங்களுக்கும் பொருந்தும். ஆகவே, படத்தைத் திருத்தி வரைவது அதன் உறவுமுறையைக் காட்டும் தடயத்தை அழிப்பதாகவும் அமையும்.

கணினி செய்யும் பணிகள்

நூலகங்கள் சுவடிகளை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வெளியிட்டதன் பின்னரே இவ்வாய்வு இயலக்கூடியதாயிற்று. பணியைப் பொதுவாக மூன்று படிகளாகப் பிரிக்கலாம்.

1. கண்டறிதல்: ஆயிரக்கணக்கான பக்கங்களில் எவற்றில் படம் உள்ளது, அது பக்கத்தின் எப்பகுதியில் உள்ளது என்பதைக் கணினி கண்டறிகிறது. அலங்கார எழுத்துகள், ஓரச் சித்திரங்கள் ஆகியவற்றிலிருந்து அறிவியல் படத்தை வேறுபடுத்துவதும் இப்படியில் அடங்கும்.

2. கூறுகளாகப் பிரித்தல்: கண்டறிந்த படம் கோட்டுத்துண்டு, வட்டம், வட்டவில் ஆகிய அடிப்படை வடிவங்களாகப் பிரிக்கப்படுகிறது. வட்டம் எனில் மையமும் ஆரமும், கோடு எனில் அதன் இரு முனைகளும் எண்களாகப் பதிவாகின்றன. இதனால் படத்தின் அளவுகளைக் கணக்கிட முடிகிறது.

3. ஒப்பிடல்: வெவ்வேறு சுவடிகளில் உள்ள படங்களுள் ஒத்தவை ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. ஒரு படம் எத்தனை சுவடிகளில் வருகிறது, எங்கு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆய்வாளர் இதன் வழி காண்கிறார்.

மனிதக் கண்ணுக்கு எளிதான இப்பணி கணினிக்குக் கடினமானது. மை மங்கியிருக்கும், தாளின் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியும், கட்டடத்தின் வளைவால் வட்டம் நீள்வட்டமாகத் தோன்றும், ஒரே இடத்தில் பல வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும், கோடுகளின் மீதே எழுத்துகள் அமர்ந்திருக்கும். மேலும், செயற்கை நரம்பணுப் பிணையங்களைப் பயிற்றுவிக்கப் பெருந்தொகையான எடுத்துக்காட்டுகள் தேவை. வல்லுநர் கையால் குறித்த சுவடிப் படங்களோ மிகச் சிலவே. இக்குறையைப் போக்க, பழைய தாள் போன்ற பின்னணியின் மீது வட்டங்களையும் கோடுகளையும் எழுத்துகளையும் கணினியே வரைந்து, அத்தகைய செயற்கைப் படங்களைக் கொண்டு பயிற்சி அளிக்கும் முறை பின்பற்றப்படுகிறது.

குறிப்பிடத்தக்க திட்டங்கள்

ஸ்பேரா திட்டம்

13 ஆம் நூற்றாண்டில் யோகான்னஸ் டி சாக்ரோபோஸ்கோ இலத்தீன் மொழியில் எழுதிய வான்கோளம் பற்றிய சிறு பாடநூல், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. மாக்ஸ் பிளாங்க் அறிவியல் வரலாற்று நிறுவனத்தின் ஸ்பேரா திட்டம், 1472 முதல் 1650 வரை அச்சான, இந்நூலையோ அதன் உரைகளையோ தழுவல்களையோ கொண்ட 359 பதிப்புகளைத் தொகுத்தது. இவற்றில் ஏறத்தாழ 76,000 பக்கங்கள் உள்ளன. ஒருவர் வாழ்நாளில் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு முடிக்க இயலாத தொகை இது.

இத்திட்டத்தின் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட கோர்டீப் என்னும் கருவி 2022 இல் அறிவிக்கப்பட்டது. இது பக்கங்களில் உள்ள காட்சிக் கூறுகளை உள்ளடக்கப் படங்கள், அலங்கார முதலெழுத்துகள், அழகு வேலைப்பாடுகள், அச்சகச் சின்னங்கள் என நான்கு வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது.

அச்சு நூல்களில் படங்கள் மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு அச்சிடப்பட்டன. ஒரே கட்டை பல பதிப்புகளில் பயன்பட்டதுண்டு. அச்சான படத்தை அப்படியே புதிய கட்டையில் ஒட்டிச் செதுக்கினால், அதிலிருந்து வரும் படம் இடவலமாக மாறிவிடும். ஆகவே, ஒப்பிடும் கணினி, திரும்பிய படத்தையும் அதன் மூலத்தோடு இணைத்துக் காண வேண்டியுள்ளது.

எய்டா திட்டம்

பிரான்சின் தேசிய ஆய்வு முகமையின் 2022 ஆம் ஆண்டு நிதியுதவியின் கீழ், பாரிசு வானாய்வகத்தைச் சேர்ந்த வரலாற்றாய்வாளரும் பிரான்சின் கணினிப் பார்வை ஆய்வாளரும் இணைந்து எய்டா திட்டத்தைத் தொடங்கினர். ஒரே மொழியில் நில்லாமல், கிரேக்கம், இலத்தீன், அரபு, பாரசீகம், எபிரேயம், சமசுகிருதம், சீனம் ஆகிய மொழி மரபுகளின் படங்களை ஒருங்கே ஆராய்வது இதன் சிறப்பு ஆகும்.

இக்குழுவினர் 2024 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, 12 முதல் 18 ஆம் நூற்றாண்டு வரையான 303 படங்களைக் கொண்ட தரவுத்தொகுதியை அறிமுகப்படுத்தியது. அவற்றில் 3,000 க்கும் மேற்பட்ட கோட்டுத்துண்டுகளும் வட்டங்களும் வில்களும் கையால் குறிக்கப்பட்டிருந்தன. பொருள்களைக் கண்டறிவதற்கென முன்னர் உருவாக்கப்பட்ட டைனோ-டெட்டர் என்னும் மாதிரியை மாற்றியமைத்து, மூவகை வடிவங்களையும் ஒரே வேளையில் கண்டறியும் முறையை அவர்கள் அமைத்தனர்.

எடுத்துக்காட்டு: தூசி இணை

படங்களை ஒப்பிடுவதில் எத்தகைய வினாக்கள் எழுகின்றன என்பதற்குத் தூசி இணை சிறந்த எடுத்துக்காட்டாகும். பாரசீக வானியலாளர் நசீருத்தீன் அத்-தூசி (1201–1274), 1261 இல் இயற்றிய தத்கிரா என்னும் அரபு நூலில் இவ்வமைப்பை விளக்கினார். ஒரு பெருவட்டத்தின் உள்ளே, அதன் விட்டத்தில் பாதி விட்டம் கொண்ட சிறுவட்டம் உட்புறமாகத் தொட்டு உருளுமானால், சிறுவட்டத்தின் மீதுள்ள ஒரு புள்ளி பெருவட்டத்தின் விட்டத்தின் வழியே முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் நகரும். வட்ட இயக்கங்களிலிருந்து நேர்கோட்டு இயக்கம் பெறப்படுவது இதன் சிறப்பு.

இதே அமைப்பு கோப்பர்னிக்கஸ் 1543 இல் வெளியிட்ட நூலின் மூன்றாம் பகுதியிலும் உள்ளது. அங்குத் தூசியின் பெயர் இல்லை. 1973 இல் வில்லி ஹார்ட்னர், இரு படங்களிலும் புள்ளிகளுக்கு இடப்பட்ட எழுத்துகள் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். தூசி அலிஃப், பா, ஜீம், தால் என இட்ட இடங்களில் கோப்பர்னிக்கஸ் அவற்றுக்கு இணையான இலத்தீன் எழுத்துகளை இட்டிருந்தார். சிறுவட்டத்தின் மையத்தில் மட்டும், அரபுப் படத்தில் ஸாய் இருக்க, இலத்தீன் படத்தில் எஃப் உள்ளது. கையெழுத்தில் ஸாய், ஃபா ஆகிய அரபு எழுத்துகள் ஒன்றுபோல் தோன்றக்கூடும் என்பதால், இவ்வேறுபாடே கடன்பெற்றதைக் காட்டும் எனச் சாலிபா வாதிட்டார். மாறாக, 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புரோக்ளசு என்னும் கிரேக்கரின் உரையிலிருந்து கோப்பர்னிக்கஸ் இக்கருத்தைப் பெற்றிருக்கலாம் என வெசெலோவ்ஸ்கி 1973 இல் எழுதினார்.

இப்படம் பிற திசைகளிலும் பயணித்துள்ளது. வத்திக்கான் நூலகத்தின் கிரேக்கச் சுவடி ஒன்றில் (எண் 211) தூசி இணையின் படம் காணப்படுகிறது. 1729 இல் செய்ப்பூர் மன்னர் இரண்டாம் செய்சிங்கின் அவையில், இவ்வமைப்பை விளக்கும் தத்கிரா அதிகாரம் அல்-பிர்சந்தியின் உரையுடன் நயனசுக உபாத்தியாயரால் சமசுகிருதத்தில் பெயர்க்கப்பட்டது.

அரபு, கிரேக்கம், இலத்தீன், சமசுகிருதம் ஆகிய நான்கு எழுத்துமுறைகளில் உள்ள சுவடிகளை ஒருவரே படித்து ஒப்பிடுவது அரிது. வட்டங்களை அளக்கும் கணினிக்கு மொழி தடையன்று. ஆயினும், இவ்விவாதம் வட்டங்களின் மீது அன்றி ஓர் எழுத்தின் மீதே நிற்பது கவனிக்கத்தக்கது.

வரம்புகளும் விமர்சனங்களும்

ஒப்புமை வேறு, உறவு வேறு. ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு வட்டங்களை எவரும் தாமாகவே வரையக்கூடும். இரு படங்கள் ஒத்தவை எனக் கணினி காட்டினாலும், ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என அதனால் முடிவாகாது. சுவடியின் காலம், உரிமையாளர், அது சென்ற ஊர்கள் முதலிய புறச்சான்றுகள் தேவைப்படுகின்றன.

மற்றொரு சிக்கல் திருத்தம் பற்றியது. கணினி ஒரு வட்டத்தை மையம், ஆரம் என இரு அளவுகளாகப் பதியும்போது, கை நடுங்கி வரைந்த கோணல் வளையமும் முழுநிறைவான வட்டமாகிவிடுகிறது. 19 ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர் கவராயத்தால் செய்ததையே இது மீண்டும் செய்யக்கூடும். எனவே, கணினி தரும் வடிவத்தைச் சுவடியின் ஒளிப்படத்தோடு எப்போதும் இணைத்து வைத்தலும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்து பதிதலும், வரலாற்றாய்வாளர் முடிவைச் சரிபார்த்தலும் இன்றியமையாதவை.

எண்ணிமப்படுத்தப்பட்ட சுவடிகள் மட்டுமே ஆய்வுக்குள் வருகின்றன என்பதும் கருதத்தக்கது. செல்வமிக்க நூலகங்களின் சுவடிகள் மிகுதியாகவும் பிறவற்றின் சுவடிகள் குறைவாகவும் இணையத்தில் கிடைக்கும் நிலையில், ஒரு படம் எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் முடிவும் ஒருபக்கமாகச் சாயக்கூடும். எண்ணிமப்படுத்தப்படாத சுவடியில் உள்ள படம், எத்துணை முக்கியமானதாயினும், கணினியின் கணக்கில் இல்லாததே ஆகும்.

இவற்றையும் பார்க்க

வானியலின் வரலாறு
அல்மகெஸ்ட்
நசீருத்தீன் அத்-தூசி
நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸ்
சுவடியியல்
கணினிப் பார்வை