பெயர் மாறிய பயிர்கள்: அமெரிக்கத் தொல்குடிகளின் வேளாண்மையும் கிருஷ்ணகிரி எல்லைப்புறச் சொற்களும்

மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள், யுகாத்தானின் மாயர், ஆண்டீஸ் மலைநாட்டின் இன்காக்கள் ஆகியோரின் வரலாறு தமிழில் பெரும்பாலும் பொன், பலி, கோயில், வீழ்ச்சி என்ற அளவிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்களின் தலையாய ஆக்கம் வேளாண்மை என்பதும், அவ்விளைபொருள்கள் ஓசூரிலும் இராயக்கோட்டையிலும் நாள்தோறும் எடைபோடப்படுகின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து வழங்கும் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லைப்பகுதி, அப்பயிர்கள் எவ்வழியே வந்தன, வரும்போது எவற்றை இழந்தன என்பதைச் சொற்களின் துணைகொண்டு ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

இராயக்கோட்டைச் சந்தை தக்காளிக்குப் பெயர் பெற்றது. தக்காளியின் காட்டு இனங்கள் பெரு, எக்குவடோர் பகுதிகளுக்கு உரியவை. அதைப் பெருங்கனியாக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோ மக்கள். அவர்களது நாவாத்தல் மொழியில் 'தொமாத்தல்' என்பது உறைக்குள் காய்க்கும் சிறுகனிக்கும் அதன் சுற்றத்துக்கும் பொதுப்பெயர். சிவந்த பெருங்கனியோ 'ஷித்தொமாத்தல்'. ஸ்பானியர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது பொதுப்பெயரையே ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். தமிழிலும் இதற்கு நெருங்கிய நிகழ்வு ஒன்று உண்டு. சொடக்குத்தக்காளி, மணத்தக்காளி ஆகியவற்றின் பெயரைத் தழுவிப் புதிய கனி 'சீமைத்தக்காளி' எனப்பட்டது. காலப்போக்கில் அடைமொழி உதிர்ந்தது. இன்று அடையின்றி வழங்கும் 'தக்காளி' வந்ததையே குறிக்கிறது. இருந்தவற்றுக்கே அடை தேவைப்படுகிறது. சொடக்குத்தக்காளியும் மெக்சிகோவின் உறைக்கனியும் பிசாலிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே தாவர உறவைக் கண்டு பெயரிட்டிருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

பிற பெயர்கள் பலவும் பயிரை உருவாக்கியவரை விடுத்துக் கொணர்ந்தவரையோ, வந்த வழியையோ சுட்டுகின்றன. 'மணிலாக்கொட்டை' என்ற பெயர், 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களை நினைவூட்டுகிறது. பெருவின் சிப்பான் என்னுமிடத்தில் 1987இல் கண்டறியப்பட்ட மோச்சே ஆட்சியாளரின் கல்லறையில் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன நிலக்கடலை உருவ மணிமாலை கிடைத்தது. அப்பயிர் அங்குப் பெற்றிருந்த மதிப்புக்கு வேறு சான்று தேவையில்லை. மக்காச்சோளத்தின் பெயர் மக்கா நகரோடு இணைத்து விளக்கப்படுகிறது. தெலுங்கில் உருளைக்கிழங்கு 'பங்காளாதும்பா'. தமிழர் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்பதை, பெங்களூரில் கன்னடர் 'சீமெபதனெகாயி' என்று சீமைக்குத் தள்ளிவிடுகின்றனர்! நாவாத்தலில் அது 'சாயோத்லி'. ஆயுத பூசையன்று ஓசூர்த் தொழிற்பேட்டை இயந்திரங்களுக்குச் சூட்டப்படும் செண்டுமல்லி, 'துலுக்கச்செவந்தி' என்றும் வழங்கும். ஆங்கிலேயர் அதை ஆப்பிரிக்காவுக்கு உரியதாக்கினர். இருபதை அடியாகக் கொண்டு எண்ணிய மெக்சிகோ மக்கள் அதற்கு 'இருபது மலர்' என்று பொருள்படப் பெயரிட்டு, வழிபாட்டுக்குப் பயன்படுத்தி வந்தனர்.

விதிவிலக்குகளும் உண்டு. 'பப்பாளி' கரீபியத் தீவுகளைச் சார்ந்த சொல்லின் திரிபு. 'கொய்யா' அரவாக் மொழிச் சொல்லொன்று போர்ச்சுகீசிய 'கொயாபா' வழியே வந்த வடிவமாகக் கருதப்படுகிறது. அரவாக் மொழி பேசிய தைனோ மக்களே 1492இல் கொலம்பஸை முதலில் எதிர்கொண்டவர்கள். கட்டாய உழைப்பாலும் நோய்களாலும் அரை நூற்றாண்டுக்குள் அவர்களுள் பெரும்பான்மையோர் அழிந்தனர். அழிந்த அம்மக்களின் மொழிக்குடும்பத்துச் சொல் தமிழ்நாட்டுத் தோப்புகளில் பொருளறியப்படாமல் வழங்கி வருகிறது.

பெயரினும் பெரிய இழப்பு அறிவின் இழப்பு. பெரியம்மை 1520இல் மெக்சிகோவில் பரவியது. மறு ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று தெனோச்தித்லான் வீழ்ந்தது. யுகாத்தானின் மானி என்னும் ஊரில் 1562இல் பாதிரியார் தியேகோ தெ லந்தா மாயரின் ஏடுகளை எரித்தார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்பது மெக்சிகோ வழக்கம். தானியத்தைப் பெற்ற ஐரோப்பியர் இம்முறையைப் பெறவில்லை. அதையே முதன்மை உணவாகக் கொண்ட எளியோரிடம் பெல்லாக்ரா நோய் தோன்றியது. ஸ்பெயினில் காஸ்பர் கசல் 1735இல் அதை விவரித்தார். நயாசின் குறைபாடே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

மக்காச்சோளம், அவரையினம், பூசணி ஆகியவற்றை ஒரே நிலத்தில் வளர்க்கும் 'மில்பா' முறையும் பயிர்களோடு கடல் கடக்கவில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை மானாவாரி நிலங்களில் கேழ்வரகுக்கு இடையே அவரையை வரிசையாக விதைக்கும் பழைய வழக்கம் மில்பாவின் அதே நியாயத்தைக் கொண்டது: பயறு மண்ணுக்குத் தழைச்சத்து அளிக்கிறது, ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கிறது. ஆனால் தக்காளி இம்முறைக்குள் நுழையவில்லை. சந்தைக்குரிய தனிப்பயிராகவே அது இங்கு வேரூன்றியது. வரத்து மிகும்போது விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாமல் கனிகள் வயலிலேயே விடப்படுவது இராயக்கோட்டைப் பகுதியில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. இதைப் பயிரின் குற்றமாகக் கொள்ள இயலாது. அது வந்து சேர்ந்த முறையின் விளைவு என்பதே பொருந்தும்.

ஆண்டீஸ் நிலத்துடனான தொடர்பு அறுந்துவிடவும் இல்லை. இன்றைய வீரிய ஒட்டுத் தக்காளி வகைகள் பலவற்றில் பியூசேரியம் வாடல் நோயைத் தாங்கும் திறன் தென்னமெரிக்கக் காட்டுச் சிறுதக்காளியிலிருந்தும், இலைச்சுருள் நச்சுயிரியைத் தாங்கும் திறன் சிலி, பெரு நாடுகளின் வறண்ட சரிவுகளில் வளரும் மற்றோர் இனத்திலிருந்தும் பெறப்பட்டவை. அவ்விதைகளை உழவர் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக விலைக்கு வாங்குகின்றனர்.