லவாலில் கனரக டீசல் டிரக் தேர்வு

கனரக டீசல் டிரக் என்று இங்கே குறிப்பிடப்படுவது, பாப்கேட் எனும் சிறு மண் அள்ளி, மினி எக்ஸ்கவேட்டர், சிறு டிராக்டர் போன்ற இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லும் பெரிய பிக்கப் வண்டி. ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350, எஃப்-450, ராமின் 2500, 3500, ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோ மற்றும் சியரா 2500, 3500 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. தோட்ட வேலை, பனி அகற்றல், அடித்தளம் தோண்டுதல், கான்கிரீட் வேலை என்று சிறு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு வட அமெரிக்காவில் இதுவே முதல் பெரிய முதலீடு. கனடாவின் கியூபெக் மாகாணத்து லவால் நகரில் இந்தத் தேர்வை மூன்று காரியங்கள் முடிவு செய்கின்றன: வண்டி தன்மேல் தாங்கும் பாரம், கியூபெக் சட்டத்தின் 4,500 கிலோ எல்லை, குளிர்காலம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் இழுவைத் திறன் இவற்றுக்கு அடுத்தபடியாகத்தான் வரும்.

தமிழ்நாட்டில் இப்படியொரு வண்டி வகையே வேரூன்றவில்லை. அங்கே ஜேசிபி தன் சக்கரத்திலேயே சாலையில் ஓடி வேலையிடத்துக்குப் போய்விடும். பொக்லைனை டிப்பரிலோ தாழ்தள டிரெய்லரிலோ ஏற்றுவார்கள். லவாலில் ஒரு குழு காலையில் ஒரு வீட்டிலும் பிற்பகலில் 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீட்டிலும் வேலை பார்க்கும். நடுவில் இருப்பது நெடுஞ்சாலை. ஆகவே இயந்திரம் எப்போதும் டிரெய்லரில்தான் நகர வேண்டும்.

இடம்

மாண்ட்ரியலுக்கு வடக்கே, பிரேரி ஆற்றுக்கும் மீல் ஈல் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஜெசு தீவுதான் லவால். 1965இல் 14 ஊர்களை இணைத்து உருவான இந்நகரின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பின்படி 4,38,366. ஷோமெடேயில் நெருக்கமான குடியிருப்புகள், 440ஆம் ஆட்டோரூட் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்பேட்டைகள், சான்ட் டொரதேயில் பூந்தோட்டங்களும் பசுமைக் குடில்களும் என்று ஒரே நகரில் மூன்று விதமான வேலைக்களங்கள் உண்டு. நிலத்தில் கால் பங்குக்கு மேல் இன்னும் விவசாய மண்டலமாகவே காக்கப்படுகிறது.

தீவு என்பதால் டிரக் பாலம் ஏறாமல் நகரை விட்டு வெளியேற முடியாது. 2006 செப்டம்பர் 30 அன்று, 19ஆம் ஆட்டோரூட்டுக்கு மேலே சென்ற தெ லா கொன்கோர்ட் மேம்பாலம் இடிந்து விழுந்து 5 பேர் இறந்தார்கள். பியேர் மார்க் ஜான்சன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2007இல் தந்த அறிக்கை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றிலும் குறை கண்டது. அந்த விபத்துக்கு எந்த லாரியின் பாரமும் காரணமல்ல. ஆனாலும் பாலத்தின் முகப்பில் உள்ள எடைப் பலகையைப் படித்துவிட்டு ஏறும் பழக்கம் இங்கே டிரக் ஓட்டுகிற எவருக்கும் அவசியம்.

எடைக் கணக்கு

டிரக்கைப் பார்க்கப் போகுமுன் டிரெய்லரையும் இயந்திரத்தையும் எடை போட வேண்டும். பனிக்காலத்திலும் கோடையிலும் ஓயாமல் உழைக்கும் நடுத்தர அளவு பாப்கேட் எஸ்650 ஏறத்தாழ 3,750 கிலோ. கூடுதல் வாளி, ஃபோர்க் போன்ற துணைக் கருவிகளுக்கு 400 கிலோ. இதைத் தாங்கும் இரட்டை ஆக்சில் டிரெய்லரே 1,600 கிலோ வரும். ஆக மொத்தம் 5,750 கிலோ. எந்தக் கனரக டீசல் பிக்கப்பும் இந்தப் பாரத்தை எளிதில் இழுக்கும். எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் கொக்கியில்தான். சாதாரண உருண்டை ஹிட்ச்சில் மாட்டும்போது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு டிரக்கின் பின்புறத்தில் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். மிகுந்தால் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் இழக்கும். 12 விழுக்காடு என்று வைத்தால் 690 கிலோ. கேபினில் மூன்று தொழிலாளிகள், குளிர்கால உடையோடு 270 கிலோ. இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்ற, பெட்டியில் 200 லிட்டர் டீசல் தொட்டி. எண்ணெயும் தொட்டியும் சேர்த்து 220 கிலோ. கருவிப்பெட்டி, சங்கிலி, ஜாக் என்று 150 கிலோ. கூட்டினால் 1,330 கிலோ. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், டீசல் எஞ்சின் மூன்றும் உள்ள எஃப்-250ஐ 9,900 பவுண்டு எடை வரம்போடு வாங்கியிருந்தால், அது தன்மேல் தாங்கக்கூடியது ஏறத்தாழ 1,000 கிலோதான். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் கொண்ட உயர்ரக மாடலில் இன்னும் குறையும். இழுவை எல்லையைத் தொடாத நிலையிலேயே வண்டி மிகைப்பாரத்துக்குப் போய்விட்டது.

இந்த எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். விளம்பரத் தாளில் உள்ளது அந்த மாடல் வரிசையிலேயே மிக லேசான வண்டிக்கு உரியது. விற்பனையாளர் காட்டும் தாளை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பார்ப்பதே சரியான முறை.

இழுவைத் திறனை அளக்கும் எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற தரமுறை 2008இல் வெளிவந்தது. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கட்டு மலைச்சாலையில், கொளுத்தும் வெயிலில் ஏ.சி.யை ஓடவிட்டு ஏறுவது அதன் புகழ்பெற்ற சோதனை. வண்டியில் இரண்டு பேர், தலா 68 கிலோ என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. லவாலில் விடியற்காலை புறப்படும் ஒரு பனிக் குழுவுக்கும் அந்தச் சோதனைக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

பாரம் இன்னும் கூடினால் கொக்கியைப் பின்னாலிருந்து பெட்டியின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கூஸ்நெக் எனப்படும் இந்த அமைப்பில் எடை பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இறங்குவதால் டிரெய்லர் அடக்கமாக வரும். ஆனால் இறங்கும் பாரமும் 15 முதல் 25 விழுக்காடாக உயரும். பின்னால் நான்கு டயர் உள்ள 3500 அல்லது எஃப்-350 இதற்குத் தேவைப்படும். அந்த அகலப் பின்புறம் லவாலின் சான்ட் ரோஸ் பகுதியில் பழைய குறுகிய வீட்டு முற்றங்களில் இடிக்கும். எடை ஏற்றாத நாளில் பனிமேல் மிதந்து வழுக்கும். குளிர்கால டயரும் ஆறு வாங்க வேண்டும். தினமும் 6 டன்னுக்கு மேல் இழுப்பவருக்கு மட்டுமே அது பொருத்தம்.

4,500 கிலோ எல்லை

கியூபெக்கில் கனரக வாகனம் என்ற சட்ட வரையறை, தயாரிப்பாளர் விதிக்கும் மொத்த எடை வரம்பைக் கொண்டு அமைகிறது. அது 4,500 கிலோ அல்லது அதற்கு மேல் இருந்தால் உரிமையாளரும் இயக்குபவரும் கியூபெக் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டில் சேர வேண்டும். புறப்படுமுன் வண்டிச் சோதனை, ஓட்டும் நேர வரம்பு, குறித்த கால இயந்திரப் பரிசோதனை ஆகியவை பின்தொடரும். 10,000 பவுண்டு என்பது 4,536 கிலோ. 9,900 பவுண்டு என்பது 4,491 கிலோ. ஒரே எஃப்-250 இந்த இரண்டு லேபிளிலும் கிடைப்பதன் காரணம் இதுதான். குறைந்த லேபிளை வாங்கினால் சட்டத்தின் கீழே தப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள்.

ஆனால் வரையறை டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த வண்டித் தொடருக்கும் பொருந்தும். தொடரில் ஒன்றுக்கு 4,500 கிலோ அல்லது அதற்கு மேல் எடை வரம்பு இருந்தாலே முழுத் தொடரும் கனரகம். பாப்கேட்டுக்கு வாங்கும் 14,000 பவுண்டு டிரெய்லரின் வரம்பு 6,350 கிலோ. அதை மாட்டிய கணமே லேபிளில் சேமித்த 45 கிலோவுக்குப் பயனில்லை. தாங்குபாரம் குறைந்ததுதான் மிச்சம். அத்தகைய டிரெய்லரை இழுக்கப்போகிறவர் கூடுதல் எடை வரம்புள்ள எஃப்-350 அல்லது 3500 வகை வண்டியை வாங்கி, பதிவேட்டிலும் முறையாகச் சேர்ந்துவிடுவதே நல்லது. சிறு டிரெய்லரில் புல்வெட்டியும் மண்ணும் மட்டும் இழுக்கும் தோட்ட வேலைக்காரருக்குத்தான் 9,900 லேபிள் உண்மையில் உதவும்.

ஓட்டுநர் உரிமத்தின் அளவுகோல் வேறு. அங்கே பார்ப்பது வெறும் வண்டியின் எடையை. இரண்டு ஆக்சில், 4,500 கிலோவுக்குக் குறைந்த வெற்றெடை என்றால் எல்லோரிடமும் உள்ள 5ஆம் வகுப்பு உரிமமே போதும். அதற்கு மேல் 3ஆம் வகுப்பு. காற்று பிரேக் இருந்தால் எஃப் குறிப்பும் வேண்டும். பாரத்தோடு 1,300 கிலோ அல்லது அதற்கு மேல் எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்ட விதி.

குளிர்காலம்

மாண்ட்ரியல் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டர் பனி விழுகிறது. ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்கு 25 பாகை கீழே போகும் இரவுகள் உண்டு. அந்தக் குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டிப்பட்டு வடிகட்டியை அடைக்கும். இங்குள்ள எரிபொருள் நிலையங்கள் குளிர்காலக் கலவையையே விற்கின்றன. அக்டோபரில் நிரப்பி ஜனவரி வரை முற்றத்தில் நின்ற தொட்டியில்தான் ஆபத்து. எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரின் மின்கம்பியை இரவில் செருகி வைப்பது இங்கே கைப்பழக்கம். வண்டி நிற்குமிடத்தில் மின் இணைப்பு இல்லாதவர் டீசல் வாங்குமுன் அதை யோசிக்க வேண்டும். புகைச் சுத்திகரிப்புக்கு ஊற்றும் யூரியாக் கரைசலும் பூச்சியத்துக்குக் கீழே 11 பாகையில் உறையும். வண்டித் தொட்டியில் அதை உருக்க ஹீட்டர் உண்டு, வெளியே வைத்த குடுவையில் இல்லை.

நகரப் பனி வேலையில் டீசலுக்கு வேறொரு தொல்லையும் சேர்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு ஷோமெடேயில் ஒரு வாகன நிறுத்துமிடம், அடுத்தது மூன்று கிலோமீட்டரில், நடுவே அரைமணி நேரம் எஞ்சின் ஓடியபடி நிற்கும். புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டி தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள ஏறத்தாழ 600 பாகை சூடு வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓட வேண்டும். பனி வேலையின் குறுகிய ஓட்டத்தில் சுத்திகரிப்பு தொடங்கும், அது முடியுமுன் வண்டி அணைக்கப்படும், மறுநாளும் அப்படியே. மாதக் கடைசியில் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வடிகட்டியை வெட்டி எறிந்துவிடலாம் என்று சொல்லும் பட்டறைகளை நம்பக்கூடாது; அது சட்டவிரோதம், காற்றுக்கும் கேடு.

முன்னால் பனிக்கலப்பை மாட்டுபவர் முன் ஆக்சிலின் எடை வரம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினே பெட்ரோல் எஞ்சினைவிடக் கணிசமாகக் கனம். அதன்மேல் கலப்பை 350 முதல் 450 கிலோ. எனவே பனியும் குறுந்தூரமும் முக்கிய வேலை என்றால் ஃபோர்டின் 7.3 லிட்டர், ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களே சரியான தேர்வு. விலையும் பல ஆயிரம் டாலர் குறைவு. 15ஆம் ஆட்டோரூட்டில் ஏறி லாரன்ஷியன் மலைகளில் உள்ள சான் சோவர், சான்ட் அகாத் வரை வாரம் முழுக்கப் பாரம் இழுப்பவருக்கு டீசல். ஏற்றத்தில் அதன் இழுவையும், இறக்கத்தில் பிரேக்கைக் காக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அங்கே கொடுத்த காசுக்கு உழைக்கும்.

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கியூபெக்கில் சட்டக் கட்டாயம். கனரக வரையறைக்குக் கீழே உள்ள வேலை பிக்கப்புகளுக்கும் அது பொருந்தும். சாலையில் கொட்டும் உப்பு ஃபிரேமையும் பிரேக் குழாய்களையும் தின்னும். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும், டிரெய்லரின் ஏழு முனை மின்செருகியைத் துடைத்து கிரீஸ் இடுவதும் சிறு செலவில் பெரிய காப்பு.

எஞ்சின்கள்

மூன்று நிறுவனங்களின் டீசல் எஞ்சின்களும் தேர்ந்தவை. ராமில் வருவது கம்மின்ஸின் 6.7 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 2011 மாடலிலிருந்து வருகிறது. அதன் உயர்திறன் வடிவம் 500 குதிரைத்திறனும் 1,200 பவுண்டு-அடி டார்க்கும் தரும். ஜெனரல் மோட்டார்ஸின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸுக்கு 470 குதிரைத்திறன், 975 பவுண்டு-அடி. 6 டன் டிரெய்லருக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல. பழுது வந்தால் எந்த டீலர் பக்கத்தில் இருக்கிறார், குளிர்காலத்தில் எத்தனை நாளில் வண்டியைத் திருப்பித் தருவார் என்பதுதான் பெரிது.

பழைய வண்டி வாங்குபவருக்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸிலும் 2019, 2020 ராமிலும் இருந்த சிபி4 எரிபொருள் பம்பு உடைந்தால், உலோகத் துகள் ஊசிகள்வரை பாய்ந்து முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வைக்கும். ராம் 2021இல் அவ்வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வண்டிகளின் மாசுக் கட்டுப்பாட்டு மென்பொருள் தொடர்பாக, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் அமெரிக்க அரசுடன் 167.5 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

பிக்கப்புக்கு மேல்

5 டன்னைத் தாண்டிய எக்ஸ்கவேட்டருக்குப் பிக்கப்பை வதைக்காமல், எஃப்-550 அல்லது ராம் 5500 போன்ற 19,500 பவுண்டு வண்டிக்குப் போவது நல்லது. மூக்கில்லாத இசுசு என்.பி.ஆர். நெருக்கமான தெருக்களில் இவற்றைவிடச் சிறிய வட்டத்தில் திரும்பும். இன்னும் மேலே, கென்வொர்த், பீட்டர்பில்ட் நடுத்தர டிரக்குகள் லவாலுக்கு வடக்கே உள்ள சான்ட் தெரேஸில், பக்கார் நிறுவனத்தின் ஆலையில் தயாராகின்றன. இந்த எடைக்கு வந்துவிட்டால் வசந்தகாலப் பனியுருகல் விதியையும் கணக்கில் கொள்ள வேண்டும்: சாலை அடிமண் இளகும் அந்த வாரங்களில் ஆக்சில் பார வரம்பை மாகாண அரசு குறைக்கும், நிறைபாரத்தில் ஓடிய வண்டி ஒரு நடை வேலையை இரண்டு நடையாகச் செய்ய நேரும்.

வாங்கும்போது

கியூபெக்கில் மத்திய வரி 5 விழுக்காடு, மாகாண வரி 9.975 விழுக்காடு, வரிப் பதிவு பெற்ற தொழில்முனைவோர் இவற்றைத் திரும்பக் கோரலாம். இயந்திரங்களுக்கு வரிச்சலுகையில் கிடைக்கும் நிறமூட்டிய டீசலைச் சாலையில் ஓடும் டிரக்கின் தொட்டியில் ஊற்றினால் அபராதம் உண்டு. தனியாரிடம் பழைய வண்டி வாங்கும்போது, அதன்மேல் கடன் நிலுவை இருக்கிறதா என்று ஆர்.டி.பி.ஆர்.எம். எனப்படும் அசையும் சொத்து உரிமைப் பதிவேட்டில் வண்டி அடையாள எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முன்னவர் கட்டாத கடன் வண்டியோடு சேர்ந்து வரும். கடன் கொடுத்தவர் புதிய உரிமையாளரிடமிருந்தே வண்டியைக் கைப்பற்ற முடியும்.