தச்சுப்பட்டறையில் பிறந்த லெகோ

லெகோ என்றதும் நமக்கு பிளாஸ்டிக் கட்டைகள்தான் ஞாபகம் வரும். ஆனால் அதன் தொடக்கம் ஒரு சின்ன தச்சுப்பட்டறை!

டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தில் 1916-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் அதை வாங்கினார். வீடுகளுக்கான மரவேலைதான் தொழில். 1924-இல் அவரது சிறுவர்கள் பசை அடுப்பை மூட்டப்போய், மரச்சுருளில் தீப்பற்றி பட்டறையும் வீடும் சாம்பலாயின. மீண்டும் கட்டினார்.

அடுத்து உலகப் பொருளாதார வீழ்ச்சி. விவசாயிகளிடம் காசில்லை; வேலை வரவில்லை. 1932-இல் மனைவியும் இறந்துவிட, நான்கு மகன்கள் அவர் பொறுப்பில். அந்த ஆண்டுதான் ஏணி, இஸ்திரிப் பலகையோடு மரப் பொம்மைகளும் செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்ற டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் லெகோ எனப் பெயரிட்டார்.

1942-இல் மறுபடியும் தீ. மறுபடியும் கட்டினார். பெரிய பொருள் விலை போகாதபோது சிறிய பொருளுக்கு இறங்கி வரத் தயங்காததே அவரைக் காப்பாற்றியது. சிறுதொழில் தொடங்க நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாமே!