அமைதிப்படையும் அறநெறியும்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை நாம் அறிவோம். முகாம்களில் வளரும் பிள்ளைகள் பலர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. இவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் எந்தப் போருக்கு அஞ்சிப் படகேறினார்களோ, அந்தப் போரில் நம் நாட்டுப் படையும் ஒரு கட்டத்தில் இறங்கியது. மக்களைக் காக்கவே அது போனது. அங்கே நடந்ததோ வேறு.

அண்டை நாட்டில் மக்கள் கொல்லப்படும்போது, அவர்களைக் காப்பாற்ற இன்னொரு நாடு ஆயுதத்தோடு நுழையலாமா? நம் விசுவாசம் இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் தருவதில்லை. உன் சகோதரன் எங்கே என்று கடவுள் காயினிடம் கேட்டார். 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று ஒதுங்க நமக்கு வழியில்லை. அதே விவிலியத்தில், கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவிய சீடரை ஆண்டவர் தடுக்கிறார். அந்தச் சீடர் வாளை எடுத்ததும் குற்றமற்றவரைக் காப்பதற்குத்தான். நல்ல சமாரியர் உவமையையும் எண்ணிப் பார்ப்போம். கள்வர் போன பிறகே சமாரியர் அவ்வழியே வருகிறார். அவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோதே வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உவமை அதைச் சொல்லவில்லை. 1987-இல் இந்தியா அந்த இடத்தில் நின்றது.

அவ்வாண்டு மே மாத இறுதியில் இலங்கை இராணுவம் வடமராட்சியில் பெருந்தாக்குதல் தொடங்கியது. யாழ்ப்பாண மக்கள் ஏற்கெனவே பொருளாதாரத் தடையால் வாடியிருந்தார்கள். ஜூன் 3 அன்று இந்தியா நிவாரணப் பொருள்களைப் படகுகளில் அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது ஏறத்தாழ 25 டன் உணவையும் மருந்தையும் போட்டன. தமிழகமே அன்று மகிழ்ந்தது. பசித்தவருக்கு உணவளிப்பதில் என்ன பிழை இருக்க முடியும்? ஆயினும் அந்த விமானங்களுக்குப் போர் விமானங்கள் துணை போயின என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. உதவியின் பக்கத்திலேயே ஆயுதமும் பறந்தது. அதற்கு முன்பே, 1983-க்குப் பின், போராளிக் குழுக்களுக்கு இந்தியா பயிற்சியும் ஆயுதமும் அளித்திருந்தது.

ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. யாழ்ப்பாண மக்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். ஆனால் விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். அவர்களிடமிருந்து ஆயுதங்களைக் களையும் பொறுப்பு மட்டும் அமைதிப்படையின் தலையில் விழுந்தது. உண்ணாநோன்பிருந்த திலீபன் செப்டம்பர் 26 அன்று இறந்தார். கடலில் பிடிபட்டு, கொழும்புக்குக் கொண்டு செல்லப்படவிருந்த புலிகளில் 12 பேர் அக்டோபர் 5 அன்று சயனைடு அருந்தி மாண்டனர். தொடர்ந்து கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அக்டோபர் 10 அன்று அமைதிப்படை போர் தொடங்கியது. காக்கப் போனவர்கள் இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உள்ளிருந்து புலிகள் சுட்டதாக இந்தியத் தரப்பு கூறியது. உயிர்தப்பிய பணியாளர்கள் சொன்னது வேறு. அடுத்த மாதம் 25-ஆம் நாள், தமிழரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் புலிகளுடன் நடந்த மோதலில் வீரமரணம் அடைந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. தமிழரைக் காக்கச் சென்ற படையில் ஒரு தமிழர், தமிழர் கையால் மாண்டார். 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்கள் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். அவர்களை வரவேற்கத் தமிழக முதல்வர் கலைஞர் செல்லவில்லை. அந்த வீரர்களின் தாய்மாருக்கும் யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கும் ஒரே கண்ணீர்தான் என்று நாம் சொல்லத் துணிகிறோம். இதைச் சொன்னால் இரு தரப்பிலும் கோபிப்பவர்கள் உண்டு.

போராளிகள், இலங்கை இராணுவம், இந்திய இராணுவம் என எவரையும் விடாமல் எல்லாரது குற்றங்களையும் 'முறிந்த பனை' என்னும் நூலில் தம் தோழர்களுடன் பதிவு செய்தவர் மருத்துவர் ராஜனி திரணகம. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆயுதத்தைக் கையாளத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2309) கடுமையான நிபந்தனைகளை வைக்கிறது. இழைக்கப்படும் தீமை நீடித்ததாகவும் கொடியதாகவும் ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும். மற்ற வழிகள் அனைத்தும் அடைபட்டிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு வேண்டும். ஆயுதம் விளைவிக்கும் கேடு, அகற்ற நினைக்கும் கேட்டைவிடப் பெரிதாகிவிடக் கூடாது. 1987-இல் முதல் நிபந்தனை நிறைவேறியது என்றே நாம் கருதுகிறோம். இடறியது கடைசி இரண்டில். நாம் காக்க வந்தவர்களில் ஒரு பகுதியினரே நம்மை எதிர்த்தால் யாரைச் சுடுவது என்ற கேள்விக்கு விடை இல்லாமலேயே படை அனுப்பப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் அந்த விடையைத் தந்துவிடாது.

அப்படியானால் போகாமலே இருப்பதுதான் புண்ணியமா? 1994-இல் ருவாண்டாவில் நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் வரை கொல்லப்பட்டபோது உலகம் ஒதுங்கி நின்றது. அதற்கு முன்பே, 1992 டிசம்பரில், மக்கள் கூட்டங்களின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது மனிதாபிமானத் தலையீடு ஒரு கடமை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கூறியிருந்தார். அவரேதான் 2003-இல் ஈராக் போரை முழு மூச்சாக எதிர்த்தார். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ், அநியாயமாகத் தாக்குபவனைத் தடுப்பது சரியே, ஆனால் குண்டு போடு என்று நான் சொல்லவில்லை எனப் பிரித்துப் பேசினார். எந்த வழியில் தடுப்பது என்பதை ஒரே நாடு தனியே தீர்மானிக்கக் கூடாது என்பதும் அவர் கருத்து.

2009-இல் முள்ளிவாய்க்காலில் எவரும் தலையிடவில்லை. குறுகிய கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்தார்கள். ஐ.நா. தன் கடமையில் தவறியதை அதன் சொந்த ஆய்வறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது. போர் முடிந்த மே 18 அன்று, சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் கையில் சென்ற அருள்தந்தை பிரான்சிஸ் ஜோசப் திரும்பவே இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அவர்கள் 1,46,679 பேர் எங்கே என்று 2011-இல் அரசு ஆணைக்குழுவிடம் கணக்குக் கேட்டார். 2021-இல் இறக்கும்வரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. 1987-இல் போனதற்காகவும் 2009-இல் போகாததற்காகவும் நாம் வருந்துகிறோம். இரண்டு வருத்தமும் நியாயமானவையே.

படை அனுப்புவதும் அனுப்பாததும் டெல்லியின் முடிவு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவரின் நினைவைத் தாங்கிய திருத்தலத்தில், நம் அன்னையை அடைக்கல மாதா என்றே அழைக்கிறோம். அடைக்கலம் தருவதும் ஒரு தலையீடுதான். அதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. அதில் நாம் எப்படி நடந்துகொண்டோம்? 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அகதிகள் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்தோம். 1992 ஜனவரி முதல் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். அது விருப்பத்தின் பேரில்தானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இயேசு சபை அகதிகள் பணியினர் போன்றோர் முகாம் பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நின்றார்கள். 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் பணியும் தொடங்கியது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்குக்கூட இடம் தந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு, அவர்கள் கிறிஸ்தவரானாலும் இந்துவானாலும், அதில் இடம் இல்லை.